விருந்தாளியோடு ஷாங்காயில் ஒரு காலை: சீனத் தெருச் சாப்பாட்டுக்கும் காய்கறிச் சந்தைக்கும் முழு வழிகாட்டி

ஷாங்காய்க்கு ஊரிலிருந்து யாராவது வந்தால், முதல் நாள் மாலையே யூ தோட்டத்தைச் சுற்றியுள்ள கடைத்தெருவுக்கு அழைத்துப் போவதுதான் வழக்கம். குச்சியில் குத்திய கணவாய், சிவப்பு விளக்கு, நூறு படம். வந்தவர் மகிழ்ந்துவிடுவார்; ஆனால் அந்த ஊர்க்காரர் என்ன சாப்பிடுகிறார் என்று அவருக்குத் தெரிந்திருக்காது. அது காலை ஆறரைக்கும் ஒன்பதுக்கும் நடுவில், குடியிருப்புச் சந்துகளின் முனையில், எண்ணெய்ச் சட்டி வாசலிலேயே கொதிக்கும் கடைகளில் நடக்கிறது. பத்து மணிக்குப் போனால் ஈரத் தரையும் கவிழ்த்த முக்காலிகளும்தான் இருக்கும். இந்த வழிகாட்டி அந்த இரண்டரை மணி நேரத்துக்கானது.

முந்தின நாளே செய்ய வேண்டியவை

முதலில் இடம். 'நல்ல காலை உணவுக் கடை' என்று தேடாதீர்கள். அமாப் என்ற சீன வரைபடச் செயலியில், பழைய குடியிருப்புப் பகுதியில் உள்ள 'ட்ஸாய்ஷிச்சாங்', அதாவது காய்கறிச் சந்தையைத் தேடுங்கள். சந்தை இருந்தால் அதைச் சுற்றி ஐந்து நிமிட நடைக்குள் காலைக் கடைகள் கட்டாயம் இருக்கும்; காய் வாங்க வரும் பெரியவர்கள்தாம் அவற்றின் வாடிக்கை. ஹோங்கோவ், யாங்பூ மாவட்டங்களின் பழைய தெருக்கள் இதற்குத் தோது. வானளாவிய கட்டடங்களுக்கு அடியில் இருக்கும் அங்காடிகளில் தேடிப் பயனில்லை.

சாலையோரத் தள்ளுவண்டிகள் ஷாங்காயின் நடுப்பகுதியில் இப்போது அரிது. பெரும்பாலும் சின்னக் கடைகளுக்குள் போய்விட்டன. அதனால் 'தெருச் சாப்பாடு' என்று சொன்னாலும் நீங்கள் நிற்கப்போவது ஒரு ஜன்னலுக்கு முன்னால்தான்.

நாள்: சனி அல்லது ஞாயிறு, ஏழு மணி. வேலை நாளில் ஏழரையிலிருந்து எட்டரை வரை அலுவலகக் கூட்டம் நெருக்கும். கடைக்காரருக்கு உங்கள் விருந்தாளியின் சந்தேகத்தைத் தீர்க்க நேரம் இருக்காது, பின்னால் நிற்பவருக்குப் பொறுமையும் இருக்காது. சீனப் புத்தாண்டையொட்டிய இரண்டு வாரங்களைத் தவிர்த்துவிடுங்கள். இந்தக் கடைகளை நடத்துபவர்களில் பலர் ஆன்ஹுய் போன்ற வெளி மாகாணத்தவர். ஊருக்குப் போய்விடுவார்கள்.

அடுத்தது பணம். சொதப்பல் பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது. விருந்தாளி தன் ஊரிலிருந்து கிளம்புமுன்பே அலிபே அல்லது வீசாட் செயலியில் கடவுச்சீட்டை வைத்து அடையாளம் உறுதி செய்து, விசா அல்லது மாஸ்டர்கார்டு அட்டையை இணைத்துவிட வேண்டும். அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்து வைத்திருக்க வேண்டும். வங்கியின் ஓடிபி வரும் சிம் சீனாவிலும் ரோமிங்கில் உயிரோடு இருக்க வேண்டும். ஒரு பரிவர்த்தனை 200 யுவானுக்குள் இருந்தால் செயலி தனிக் கட்டணம் பிடிப்பதில்லை, தாண்டினால் 3 சதவீதம். காலைச் சாப்பாட்டில் அந்தக் கவலையே வராது.

இன்னொரு சிக்கலும் உண்டு. சின்னக் கடைகள் சில, வணிகக் கணக்குக்குப் பதில் கடைக்காரரின் சொந்தக் கணக்குக் கியூஆர் குறியீட்டை ஒட்டி வைத்திருக்கும். வெளிநாட்டு அட்டை இணைத்த செயலியில் தனி ஆளுக்குப் பணம் அனுப்ப முடியாமல் போகலாம். அப்போது ஸ்கேன் ஆகும், கடைசித் திரையில் நின்றுவிடும். அதற்காக 5, 10, 20 யுவான் தாள்களாக ஒரு நூறு யுவான் பையில் இருக்கட்டும். சீனாவில் ரொக்கத்தை மறுக்கக்கூடாது என்பது விதி, ஆனால் 3 யுவான் சோயா பாலுக்கு 100 யுவான் தாளை நீட்டினால் சில்லறைக்குக் கடைக்காரர் எங்கே போவார்?

கையில் காகிதக் கைக்குட்டைப் பொதி ஒன்று, தண்ணீர்ப் புட்டி ஒன்று. கடையில் இரண்டும் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். வெள்ளைச் சட்டை வேண்டாம். காரணம் கீழே ஷெங்ஜியன் என்ற பண்டத்தைச் சொல்லும்போது வருகிறது. சந்தைத் தரை எப்போதும் ஈரமாக இருக்கும், வழுக்காத செருப்பு போடச் சொல்லுங்கள்.

எட்டுச் சொல், ஒரு விரல்

கடைக்காரரை 'லாவ்பான்' என்று கூப்பிடலாம். நடுவயதுப் பெண் என்றால் 'ஆயீ'. சொல்லின் நேர்ப்பொருள் அம்மாவின் உடன்பிறந்தவள், நம் சித்தி, பெரியம்மா மாதிரி; ஊரார் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். ஒன்று 'ஈ கே', இரண்டு 'லியாங் கே'. விலை என்ன என்பதற்கு 'துவோ ஷாவ் ச்சியென்'. காரம் வேண்டாம் 'பூ யாவ் லா'. கொத்தமல்லி வேண்டாம் 'பூ யாவ் ஷியாங்ட்ஸாய்' (நம் ஆள் அதைச் சொல்ல வாய்ப்பில்லை). பொட்டலம் கட்ட 'தாபாவ்'.

விரலில் எண் காட்டுவதில் கவனம். பெருவிரலையும் ஆட்காட்டி விரலையும் விரித்து 'இரண்டு' என்று காட்டினால், சீனாவில் அது எட்டு. எட்டுப் பாவ்ட்ஸ் (பூரணம் வைத்து அவித்த மாவு உருண்டை) கட்டிக் கையில் கொடுத்துவிடுவார்கள். இரண்டு வேண்டுமென்றால் ஆட்காட்டி விரலும் நடுவிரலும். பெருவிரலும் சுண்டுவிரலும் விரிந்தால் ஆறு. விருந்தாளியிடம் முதல் நாள் இரவே இதைச் சொல்லி வையுங்கள், சிரிப்பும் வரும், பயனும் உண்டு.

வரிசை பற்றியும் ஒன்று. பல கடைகளில் ஒரு மேசையில் பணம் கட்டிச் சீட்டு வாங்க வேண்டும். அந்தச் சீட்டோடு சட்டி இருக்கும் ஜன்னலில் மறுபடி நிற்க வேண்டும். நேரே சட்டி முன்னால் போய் நின்றால் பத்து நிமிடம் கழித்துத் திருப்பி அனுப்புவார்கள். இரண்டு பேர் போனால் ஒருவர் சீட்டுக்கு, ஒருவர் சட்டிக்கு. உட்கார இடம் இல்லையென்றால் முன்பின் தெரியாதவர் மேசையில் உட்காரலாம், யாரும் தப்பாக நினைப்பதில்லை.

நான்கு காவலர்கள்

ஷாங்காய்க் காலை உணவின் மூலவர்கள் நான்கு. 'ஸ்தா ஜின்காங்' என்பார்கள்: பௌத்தக் கோயில் வாசலில் நிற்கும் நான்கு காவல் தெய்வங்களின் பெயர் அது. தாபிங், யோவ்தியாவ், ட்ஸ்ஃபான், தோவ்ஜியாங். ரொட்டி, பொரித்த மாவுக்குச்சி, ஒட்டரிசிச் சோறு, சோயா பால்.

தாபிங் என்பது உருளை அடுப்பின் உள்சுவரில் ஒட்டிச் சுடும் ரொட்டி. தந்தூர் பார்த்தவருக்கு விளக்கம் தேவையில்லை. இனிப்பு ஒன்று, வெங்காயத்தாள் தூவிய உப்பு ஒன்று. அடுக்கடுக்காக உதிர்வதற்கு மாவுக்கும் மாவுக்கும் நடுவே எண்ணெய்ப் பசை தடவுவார்கள். அது பன்றிக் கொழுப்பாகவும் இருக்கலாம் என்பதைச் சைவர்களும் முஸ்லிம் விருந்தாளிகளும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

யோவ்தியாவைப் பார்க்க ஜன்னல் பக்கம் நில்லுங்கள், விருந்தாளிக்கு இதுவே ஒரு காட்சி. மாவை இரண்டு விரல் அகலப் பட்டைகளாக வெட்டி, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு வைத்து, மெல்லிய குச்சியால் நடுவில் நீளவாக்கில் ஒரே அழுத்து. பிறகு இரு முனையையும் பிடித்து ஒரு முழம் இழுத்து எண்ணெயில் விடுவார்கள். ஏன் இரண்டு? ஒற்றைப் பட்டை சூடான எண்ணெயில் எல்லாப் பக்கமும் உடனே தோல் கட்டிக்கொள்ளும், அதற்கு மேல் உப்பாது. இரண்டு ஒட்டியிருந்தால் நடுப்பக்கத்தில் எண்ணெய் படாது. அங்கே மாவு இளகியே இருக்கும், ஆவி தள்ளத் தள்ள விரியும். நீளக் குச்சிகளால் நிறுத்தாமல் உருட்டிக்கொண்டே இருப்பதும் அதற்குத்தான், ஒரு பக்கம் முந்திச் சிவந்தால் அந்தப் பக்கம் உப்புவது நின்றுவிடும். பழைய முறையில் படிகாரமும் சோடாவும் சேர்த்து உப்ப வைத்தார்கள். படிகாரத்தின் அலுமினியத்துக்குச் சீன உணவுத் தரநிலையில் கிலோவுக்கு 100 மில்லிகிராம் என வரம்பு உண்டு. படிகாரம் இல்லாத சோடா உப்பைப் பயன்படுத்தும் கடைகள் அதைப் பலகையில் எழுதியே வைக்கின்றன.

இந்தப் பண்டத்துக்குப் பின்னால் ஒரு நாட்டுப்புறக் கதையும் உண்டு. சோங் அரசின் தளபதி யூ ஃபெய் 1142-இல் கொல்லப்பட்டதற்குக் காரணமானவர்கள் என்று மக்கள் சபித்த அமைச்சர் ச்சின் ஹுயும் அவர் மனைவியும்தாம் அந்த இரண்டு பட்டைகள்; எண்ணெயில் போட்டு வறுத்தெடுக்கிறார்களாம்.

யோவ்தியாவ் சட்டியிலிருந்து எடுத்த பத்து நிமிடத்துக்குள் உடைந்தால்தான் சத்தம் வரும். அரை மணி கம்பித் தட்டில் நின்றால் நமுத்துப்போய் ரப்பர் மாதிரி இழுபடும். அடுக்கி வைத்ததை எடுத்து நீட்டினால், சட்டியில் கிடப்பதைக் காட்டி 'அது வெந்ததும் கொடுங்கள்' என்று சைகை செய்யுங்கள். இரண்டு நிமிடக் காத்திருப்புதான். விலை 3 யுவான் சுற்றி.

ட்ஸ்ஃபான் என்றால் வேகவைத்த ஒட்டரிசி. நம் கவுனி அரிசி எப்படி ஒட்டுமோ அப்படி. ஈரத்துணியில் சோற்றைப் பரப்பி, நடுவில் ஒரு யோவ்தியாவ், அதோடு சர்க்கரை அல்லது பொடியாக நறுக்கிய கடுகுத்தண்டு ஊறுகாய் வைத்து, இறுக்கி உருட்டி உருண்டையாகப் பிடித்துத் தருவார்கள். முதல் முறை வருபவருக்கு ஊறுகாய் வைத்ததையே வாங்கிக் கொடுங்கள். இது வயிற்றில் கல் மாதிரி உட்காரும். இரண்டு பேருக்கு ஒன்று போதும். சூடு ஆறினால் அரிசி இறுகிவிடும், எனவே 'அப்புறம் சாப்பிடலாம்' என்று பையில் போட வேண்டாம்.

உப்பு சோயா பால்: கிண்ணத்துக்குள் நடப்பது

நான்காவது காவலர்தான் விருந்தாளியைத் திகைக்க வைப்பவர். தோவ்ஜியாங் மூன்று வகை: சர்க்கரை போட்டது, எதுவும் போடாதது, உப்பானது. மற்ற இரண்டும் எல்லோருக்கும் புரியும். உப்பானதன் பெயர் 'ஷியென் தோவ்ஜியாங்', அதைத்தான் தயங்காமல் கேட்க வேண்டும்.

காலிக் கிண்ணத்தில் முதலில் சோயா சாஸ், வினிகர், பொடித்த ஊறுகாய், வெங்காயத்தாள், ஒரு சிட்டிகை 'ஷியாபீ' வைப்பார்கள். ஷியாபீ வேறொன்றுமில்லை, நம் மீன்கடைச் சென்னாங்குன்னியின் உறவு, உலர்த்திய பொடி இறால். அதன் மேல் கொதிக்கும் பாலை ஓரடி உயரத்திலிருந்து ஊற்றுவார்கள். ஊற்றும்போது வெறும் பால்தான். மெல்ல விளிம்பிலிருந்து திரிய ஆரம்பிக்கும், ஒரு நிமிடத்தில் பூத்துப் பூத்துக் கட்டும். கடைசியில் யோவ்தியாவ் துண்டுகளும் இரண்டு சொட்டு மிளகாய் எண்ணெயும். பால் திரிந்துபோச்சு என்று விருந்தாளி கிண்ணத்தைத் தள்ளப் பார்ப்பார். திரிய வைப்பதுதான் சமையலே என்று முன்பே சொல்லிவிடுங்கள். கரண்டியால் அடிவரை ஒரே ஒருமுறை கோரி விட்டுச் சாப்பிட வேண்டும். கலக்கினால் பூக்கள் உடைந்து நீர்த்துவிடும்.

பிடித்துப்போய் வீட்டில் செய்யக் கேட்பவருக்கான கணக்கு இது. சோயா பயறு 100 கிராம், 8 மணி நேரம் ஊறல். வெயில் காலத்தில் குளிர்பெட்டிக்குள் ஊறட்டும், வெளியில் வைத்தால் நுரைத்துப் புளிக்கும். ஊறிய நீரைக் கொட்டிவிட்டு 900 மில்லி புது நீர் சேர்த்து அரைத்துத் துணியில் பிழியுங்கள். அடுப்பில் ஏற்றினால் 80-90 டிகிரியிலேயே பால் பொங்கி நுரை கிளம்பும். கொதித்துவிட்டது என்று இறக்கிவிடாதீர்கள், அது போலிக் கொதி. சோயாவில் உள்ள சபோனின் என்ற பொருள் எழுப்பும் நுரை அது. அந்த நிலையில் குடித்தால் குமட்டல், வயிற்று வலி வரும், ஏனென்றால் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்கள் இன்னும் அழியவில்லை. தீயைக் குறைத்து, அடிப்பிடிக்காமல் கிண்டிக்கொண்டே மேலும் 8-10 நிமிடம் கொதிக்க விடுங்கள்.

ஒரு கிண்ணத்துக்கு: வினிகர் 2 தேக்கரண்டி, சோயா சாஸ் ஒன்றரைத் தேக்கரண்டி, ஊறுகாய் ஒரு மேசைக்கரண்டி, கொதிநிலையிலேயே இருக்கும் பால் 300 மில்லி. திரியவில்லையா? பால் ஆறியிருக்கும், அல்லது தண்ணீராக இருக்கும். மணல் மணலாகப் பிரிந்து மஞ்சள் நீர் தனியே நிற்கிறதா? வினிகர் கூடிவிட்டது. கடையில் அட்டைப்பெட்டியில் விற்கும் இனிப்புச் சோயா பாலில் இதை முயன்றால் ஒருபோதும் சரியாக வராது.

ஷெங்ஜியன்: சட்டைக்கு ஆபத்து

ஷெங்ஜியன் என்பது சட்டியில் பொரித்து அவிக்கும் பூரண உருண்டை. பார்க்க மொட்டு மாதிரி இருக்கும், அடி மட்டும் பொன்னிறத்தில் மொறுமொறு. உள்ளே பன்றி இறைச்சியும், அதோடு பன்றித் தோலைக் காய்ச்சி உறையவைத்த கூழும். வெந்ததும் கூழ் இளகிச் சாறாகும். சாறு ஊசிபோட்டு ஏற்றியதல்ல என்பதை யாராவது கேட்டால் சொல்லலாம்.

மூன்றடி அகலத் தட்டைச் சட்டியில் எண்ணெய் விட்டு, இடைவெளி இல்லாமல் அடுக்கி, அடி சிவந்ததும் குவளை நீர் ஊற்றி மரமூடி போடுவார்கள். உள்ளே அவியும், அடியில் பொரியும். இடுக்கியால் சட்டியைச் சுற்றிக்கொண்டே இருப்பது அடுப்பின் சூடு ஒரே இடத்தில் விழாமலிருக்க. நீர் வற்றும்போது சத்தம் மாறும்: குமுகுமுவென்றிருந்தது படபடவென்று ஆகும். மூடி திறக்கும் நேரம் அது. எள்ளும் வெங்காயத்தாளும் மழையாக விழும். புதுச் சட்டி திறக்கும்வரை வரிசையில் நிற்பதே உத்தமம்.

இதில் இரண்டு பள்ளிகள் உண்டு. மாவு நன்றாகப் புளித்துத் தடித்து, சாறு குறைவாக, இறைச்சி முன்னிற்பது பழைய பாணி. 1932-இல் தொடங்கிய தாஹூச்சுன் அதற்குப் பெயர்போனது, யுன்னான் தென்சாலையில் அதன் கிளை உண்டு. மெல்லிய தோலும் நிறையச் சாறும் கொண்டது மற்றது. ஷியாவ்யாங் கடைகளால் ஊரெங்கும் பரவியது. புதியவர் பெரும்பாலும் சாறு நிறைந்ததையே விரும்புவார். மாவின் வாசனைக்குப் பழைய பாணிதான் என் கட்சி.

'ஈ லியாங்' என்று கேட்டால் நான்கு வரும். லியாங் என்பது 50 கிராம் எடை. ஆனால் அது பண்டத்தின் எடை அல்ல, அதிலுள்ள மாவின் கணக்கு. 1990-களின் தொடக்கம் வரை தானியக் கூப்பன் கொடுத்துத்தான் மாவுப் பண்டம் வாங்க முடியும். ஷாங்காயில் அரை லியாங் கூப்பன்கூட அச்சடித்தார்கள், ஒரு யோவ்தியாவ் வாங்க. கூப்பன் போயிற்று, எண்ணும் முறை மட்டும் தங்கிவிட்டது.

சாப்பிடும் முறையைச் சொல்லிக் கொடுக்காமல் தட்டை நீட்டாதீர்கள். கரண்டியில் ஒன்றை வையுங்கள். மேல்பக்கம் அரிசி அளவு கடித்துத் துளை போட்டு ஆவி போகவிடுங்கள், பத்து எண்ணுங்கள். துளையில் சாற்றை உறிஞ்சுங்கள். பிறகுதான் மேசையிலுள்ள ஜென்ஜியாங் கருப்பு வினிகரில் தொட்டு மிச்சத்தைத் தின்ன வேண்டும். நேரே நடுவில் கடித்தால் கொதிக்கும் சாறு எதிரே இருப்பவர் சட்டை வரை பாயும், நாக்கு வெந்துவிடும். குழந்தைகளுக்கு இரண்டாகப் பிளந்து கொடுத்துவிடுங்கள்.

ஜியான்பிங்: கல்லில் வார்ப்பது

இது ஷாங்காய்ப் பண்டம் இல்லை, வடக்கிலிருந்து வந்தது. தியான்ஜின்காரர்கள் உரிமை கொண்டாடுவது. நம்மவருக்கு இதைப் புரியவைப்பது சுலபம்: அங்கே அசல் மாவு பாசிப்பயற்றிலிருந்து வருகிறது, ஆக இது பெசரட்டுக்குத் தூரத்து உறவு. வட்டக் கல்லில் ஒரு கரண்டி மாவை ஊற்றி, மரத்தட்டியால் ஒரே சுற்றில் தேய்த்து, மேலே முட்டை உடைத்துப் பரப்பி, வெங்காயத்தாள் தூவித் திருப்பிப் போடுவார்கள். பிறகு இனிப்பு மாவு விழுது, புளித்த தோஃபு விழுது, கேட்டால் மிளகாய். நடுவில் யோவ்தியாவ் அல்லது பொரித்த மெல்லிய அப்பளம் போன்ற தகடு, மடித்துப் பையில். தியான்ஜினில் வீட்டிலிருந்து சொந்த முட்டையைக் கொண்டுவந்து கொடுத்து வார்க்கச் சொல்பவர்கள் உண்டு. அங்கே இலைக்கீரையும் சாஸேஜும் வைக்கச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். ஷாங்காயில் எதையும் வைப்பார்கள், மாவிலும் கோதுமைதான் அதிகம்.

பை வாயைத் திறந்தே வைத்துக்கொள்ளுங்கள். மூடினால் ஆவியில் தகடு ஐந்து நிமிடத்தில் நமுத்துவிடும். விலை 8 முதல் 12 யுவான்.

எந்த வரிசையில், எவ்வளவு

இரண்டு பேருக்கு அளவு இது. ஏழு மணிக்குச் சோயா பால் கடை: உப்பு ஒரு கிண்ணம், இனிப்பு ஒரு கிண்ணம், யோவ்தியாவ் ஒன்று, உப்புத் தாபிங் ஒன்று. பத்து நிமிட நடை. ஷெங்ஜியன் ஒரு லியாங், ஆளுக்கு இரண்டு. பிறகு சந்தை, முக்கால் மணி நேரம். திரும்பும் வழியில் பசி இருந்தால் ஜியான்பிங் ஒன்றைப் பாதியாகப் பங்கு, இல்லையென்றால் ட்ஸ்ஃபான். மொத்தம் 50 யுவான் தாண்டாது, நம் கணக்கில் சுமார் 600 ரூபாய்.

எண்ணெய்ப் பண்டத்தில் தொடங்கினால் இரண்டாவது கடையிலேயே போதும் என்பார்கள், அதனால்தான் பால் முதலில். காலையில் டீயோ காபியோ இல்லாமல் முடியாதவர் விடுதியிலேயே குடித்துவிட்டு வரட்டும். இந்தக் கடைகளில் குடிக்கக் கிடைப்பது சோயா பால் மட்டுமே. கிண்ணத்துக்குள் பிளாஸ்டிக் பை விரித்து அதில் ஊற்றித் தருவது கழுவும் வேலையை மிச்சப்படுத்த. அருவருப்பு வேண்டாம். சூடான பால் பிளாஸ்டிக்கில் வேண்டாம் என்பவர் சொந்தக் கிண்ணம் கொண்டுபோகலாம். சில பேட்டைகளில் பெரியவர்கள் இன்னும் அலுமினியத் தூக்கோடு பால் வாங்க வருகிறார்கள்.

சந்தைக்குள்

நுழைவதற்கு முன் விருந்தாளியிடம் ஒரு எச்சரிக்கை: மீன் உயிரோடுதான் இருக்கும், கேட்டதும் அங்கேயே அடித்துச் செதில் எடுப்பார்கள். தவளை, மென்னோட்டு ஆமை, விலாங்கு மாதிரி வயல்மீன் எல்லாம் தொட்டியில் நெளியும். தாங்காதவரை மீன் வரிசையைத் தவிர்த்துத் தோஃபு வரிசை வழியாக அழைத்துப் போங்கள்.

உண்மையில் தோஃபு வரிசைதான் சந்தையின் செல்வம். மென்மையானது, கெட்டியானது, துணி மடித்தாற்போல் அடுக்கிய பாய்யே, புகையில் வாட்டிய பழுப்புக் கட்டி, 'சைவக் கோழி' என்று பெயர் பெற்ற சுருட்டிய சூஜி, பஞ்சு போன்ற கோதுமைப் பசையான காவ்ஃபூ. சூஜியில் ஒரு துண்டு வெட்டித் தரச் சொல்லி வாங்கலாம்.

காய்கறிப் பக்கம் நம் ஊர்க்காரருக்குப் பேச்சு கிடைக்கும். கோடையில் 'ஷியென்ட்ஸாய்' என்று சிவப்பாகக் குவிந்திருப்பது நம் தண்டுக்கீரைக் குடும்பம். வள்ளைக்கீரை, பாகற்காய், நுரைப்பீர்க்கு, பூசணி, தாமரைக்கிழங்கு எல்லாம் உண்டு. வசந்தத்துக்குப் பெயர்போனது 'ஜிட்ஸாய்' என்ற காட்டுக்கீரை. பெரிய ஹுண்டுன் கொழுக்கட்டைக்குள் போவது அதுதான். ஏப்ரல் தொடக்கத்தில் ச்சிங்மிங் நாளையொட்டிப் பச்சைநிற ச்சிங்துவான் உருண்டை: ஒட்டரிசி மாவில் இலைச்சாறு பிசைந்து, இனிப்புச் சிவப்புப் பயறு பூரணம் வைத்து அவித்தது. கொழுக்கட்டை தின்று வளர்ந்தவர் இரண்டாவது கேட்பார். இலையுதிர் காலத்தில் முடி நண்டு; சந்திர நாட்காட்டியின் ஒன்பதாம் மாதம் பெண் நண்டு, பத்தாம் மாதம் ஆண் நண்டு என்பது வழக்கு.

விலைப்பலகையில் எழுதியிருப்பது 'ஜின்' கணக்கு, அதாவது 500 கிராம். கிலோ விலை என்று நினைத்து வாங்கினால் இரட்டிப்புத் தொகை வரும், ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போகாதீர்கள். பலகை தொங்கும் சந்தையில் பேரம் அதிகம் எடுபடாது. இரண்டு தாள் வெங்காயத்தாள் இனாமாக வரலாம். படம் எடுக்குமுன் கேமராவைக் காட்டித் தலையாட்டுங்கள். எதையாவது 5 யுவானுக்கு வாங்கிய பிறகு கேட்டால் சிரித்துக்கொண்டே சம்மதிப்பார்கள்.

சைவரும், பன்றி உண்ணாதவரும்

இங்கே கூடுதல் கவனம் வேண்டும். 'பூ யாவ் ரோவ்' (இறைச்சி வேண்டாம்) என்று மட்டும் சொன்னால் போதாது. சீனத்தில் வெறும் 'ரோவ்' என்றால் பன்றி இறைச்சி என்றே கொள்வார்கள். கோழிச்சாற்றுப் பொடியும் சென்னாங்குன்னியும் இறைச்சிக் கணக்கில் வராது. 'வோ ச்சி சூ' (நான் சைவம்) என்ற சொற்றொடரின் சீன எழுத்தைப் பெரிதாகப் படமாக்கிக் கைபேசியில் வைத்துக் காட்டுங்கள். சீனச் சைவத்தில் பால், முட்டைக் குழப்பம் வேறு; முட்டையைத் தனியாக மறுக்க வேண்டும்.

தேறும் பட்டியல்: இனிப்பு அல்லது வெறும் சோயா பால், யோவ்தியாவ் (ஒரே எண்ணெயில் வேறு என்ன பொரிகிறார்கள் என்று எட்டிப் பாருங்கள்), சர்க்கரை ட்ஸ்ஃபான், காளானும் கீரையும் வைத்த 'ட்ஸாய்பாவ்'. கடைசியதிலும் சிலர் பன்றிக் கொழுப்புக் கலப்பார்கள், கேளுங்கள். உப்பு சோயா பாலை 'பூ யாவ் ஷியாபீ' என்று சொல்லி இறால் இல்லாமல் வாங்கலாம். சந்தேகமே வேண்டாம் என்பவருக்கு லோங்ஹுவா கோயிலிலும் பச்சைக்கல் புத்தர் கோயிலிலும் சைவ நூடுல்ஸ் உண்டு. பௌத்த மரபுப்படி பூண்டு, வெங்காயம்கூடப் படாதது.

முஸ்லிம் விருந்தாளிக்கு 'ச்சிங்ஜென்' (ஹலால்) என்ற சொல்லை, பெரும்பாலும் பச்சை நிறப் பலகையில், தேடுங்கள். லான்ஜோவ் கைநூடுல்ஸ் கடைகள் காலையிலேயே திறந்திருக்கும். மாட்டிறைச்சி வேண்டாதவர் அதே கடையில் முட்டையும் தக்காளியும் போட்ட நூடுல்ஸ் கேட்கலாம், ஆனால் சாறு மாட்டெலும்பில் காய்ச்சியதாக இருக்கும்.

அடுத்த ஊருக்குப் போவதானால்

வூஹானில் காலைச் சாப்பாட்டுக்கே தனி வினைச்சொல், 'குவோட்ஸாவ்'. அங்கே 'ரகான்மியென்': எள் விழுதில் புரட்டிய நூடுல்ஸ், நடந்துகொண்டே தின்பது. கையில் வாங்கிய கணமே கிளற வேண்டும், அரை நிமிடம் தாமதித்தால் விழுது கட்டிபட்டுவிடும். குவாங்ஜோவில் இதற்கு நேரெதிர். தேநீர்க் கோப்பையும் ஆவிக்கூடையுமாக இரண்டு மணி நேரம் உட்கார வேண்டும், செய்தித்தாளோடு வரும் தாத்தாக்களைப் பார்த்து அந்த வேகத்தில் உண்ணுங்கள். ஷியானின் முஸ்லிம் பேட்டையில் மிளகு தூக்கலான ஹூலாதாங் சூப், மாட்டிறைச்சி உருண்டை போட்டது. நம் நாக்குக்கு முதல் வாயிலேயே பழகியது போலிருக்கும்.

மிச்சம் விழுந்தால்: ஷெங்ஜியனை மைக்ரோவேவில் வைத்தால் அடி தோல் மாதிரி ஆகிவிடும். மூடியுள்ள தட்டைச் சட்டியில் இரண்டு கரண்டி நீர் விட்டுச் சிறுதீயில் நான்கு நிமிடம், நீர் வற்றியதும் மூடி திறந்து இன்னும் ஒரு நிமிடம். யோவ்தியாவுக்கு 180 டிகிரி ஓவனில் மூன்று நிமிடம். விடுதி அறையில் வெந்நீர்க் கெண்டி மட்டுமே இருக்கிறதென்றால், யோவ்தியாவைத் துண்டாக்கிச் சூடான சோயா பாலில் முக்கித் தின்றுவிடுங்கள். ஷாங்காய்க்காரர்களே பாதிப்பேர் அப்படித்தான் தின்கிறார்கள்.